துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை

"நீ ஏறலியா அத்தை?"

ஆட்டோவுக்குள் இருந்து ஆதிரை கேட்டாள். துணி அடைத்த பெரிய பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பை காலடியில். தலையணையை மட்டும் யாரிடமும் தர மாட்டேன் என்று மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் என் தம்பி கணேசன், என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி வெயில். எதிர் வீட்டு மாடியில் துவைத்துப் போட்ட பாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைக்கவில்லை. அந்தச் சத்தத்தில் அவள் கேட்டது காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"இடமில்லடா கண்ணு. நான் அப்புறமா வரேன்."

"நான் பையை மடில வெச்சுக்கறேன். நீ இங்க உக்காரு."

அப்பாவை இடித்து நகர்ந்து எனக்கு ஒரு சாண் இடம் விட்டாள். கணேசன் ஆட்டோக்காரரின் தோளைத் தொட்டு, "போலாம்ணே" என்றான்.

ஆட்டோ முனையில் இருந்த இஸ்திரி வண்டியைத் தாண்டித் திரும்பியது. அவள் அழவில்லை. புது வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கிறது என்று அப்பா சொல்லியிருந்தான். கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள்.

படியேறி வந்து கதவைத் திறந்தேன். ஹாலில் மின்விசிறி யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் குடித்துவிட்டு வைத்த டம்ளரில் பாலாடை ஒட்டியிருந்தது. அதைக் கழுவினேன். பிறகு வேலை எதுவும் இல்லை.

அவள் வந்த கதை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குக் கணேசனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஒரு சந்துக்குள் வளையல் கடை போட்டவர். அவருக்குப் பிறகு கடை கணேசனுடையது. நான் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள். வீடு மந்தைவெளியில், இரண்டாவது மாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்று முன்பே ஒரு வாரம் எழுதியாயிற்று. இங்கே அதற்கு வேலை இல்லை.

கணேசனின் மனைவி செண்பகம் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆதிரை அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்கு ரயில் ஏறிய பிறகு, ஒரு மத்தியானம் கணேசன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"கொஞ்ச நாள் வெச்சுக்கக்கா. என்னால முடியல."

அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று.

எனக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது. நாற்பது தாண்டியவள். பரிசோதனைக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்களிடம் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுக் கேட்டுப் படித்தேன். இதமான சூடு என்றால் எவ்வளவு, சளி கட்டினால் எதைத் தடவுவது, பல் வரும்போது ஏன் எல்லாவற்றையும் கடிக்கிறது. என் கையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை இருக்கும். குளித்தாலும் போகாது. தூக்கத்தில் ஆதிரை என் உள்ளங்கையை இழுத்து மூக்கின் மேல் வைத்துக்கொள்வாள். மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசனை. அவளுக்கு அத்தை வாசனை.

மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். குழந்தைகள் காப்பகத்தில் மற்றக் குழந்தைகள் கூப்பிடுவதைக் கேட்டு வந்திருப்பாள். நான் உடனே அவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் செண்பகத்தின் படத்தைக் காட்டினேன். "இதுதான் அம்மா. நான் அத்தை." அவள் தலையாட்டினாள். அதன் பிறகு ஒரு தரம்கூட மாற்றிக் கூப்பிடவில்லை. நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

கணேசனுக்கு மறுபடி பெண் பார்த்ததும் நான்தான். கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது ஒரு மெஸ்ஸில் தனியாகத் தட்டைப் போட்டுச் சாப்பிடுகிறான் என்று கேட்டுக்கேட்டு மனது ஆறவில்லை. ஜெயந்தியை விருதுநகரில் போய்ப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற டீச்சர். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது தள்ளிப் போயிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ள எங்ககூடத்தான் இருக்கணும். அத மட்டும் பேசிக்கிடுங்க."

எவ்வளவு நல்ல பெண் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தோஷம்தான். அந்தப் பேச்சு என் வீட்டுக்குள் வந்து எதைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது, ஆதம்பாக்கத்தில் வீடு பார்த்து, சைக்கிள் வாங்கி, ஆட்டோ வந்து வாசலில் நிற்கிற வரை எனக்கு உறைக்கவில்லை.

"இனிமே நீங்க ஃப்ரீ"

செண்பகம் இறந்தபோது வீடு கொள்ளாமல் ஆட்கள். யாரோ காபி போட்டார்கள், யாரோ குழந்தையை வாங்கிக்கொண்டார்கள், முகம் தெரியாத பெண்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இந்த முறை யாரும் வரவில்லை. ஏன் வர வேண்டும்? குழந்தை அப்பாவிடம் போயிருக்கிறது. வேளச்சேரி ரயிலேறினால் போய்ப் பார்த்துவிடுகிற தூரம். இதை இழப்பு என்று யாரிடம் சொல்வது?

மேல் வீட்டு அம்மா மாடிப்படியில் நிறுத்தி, "அப்பாடா, இனிமே நீங்க ஃப்ரீ மேடம். எங்கயாவது டூர் போய்ட்டு வாங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அந்த "ஃப்ரீ" காதுக்குள்ளேயே கிடந்தது.

வாஷிங் மெஷின் நிறைய மாட்டேன் என்றது. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாக வேண்டும். சீருடை, சாக்ஸ், மண்ணில் புரண்ட கவுன். இப்போது என் இரண்டு புடவை, ஒரு துண்டு. நிறையட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பேன். பால் போடுகிறவர், "ஒண்ணு குறைச்சிடவாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மீதிப் பாலைத் தயிராக்கினேன். தயிர் புளிக்கப் புளிக்கக் கீழே ஊற்றினேன். அப்புறம் நானே குறைக்கச் சொன்னேன்.

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும் என்பதால் மூன்று மணிக்கே கிளம்ப வேலையிடத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். அவள் போன பிறகும் மூன்று மணிக்குக் கால் தானாகக் கிளம்பியது. பஸ் பிடித்து வந்து, வீட்டுக்குப் போகாமல், பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களோடு நிற்பேன். மணி அடிக்கும். பிள்ளைகள் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வருவார்கள். தண்ணீர் பாட்டில்களின் சத்தம், வியர்வை, கோந்து வாசனை. எல்லோரும் போனதும் நானும் போவேன்.

ஒரு நாள் வாட்ச்மேன் கிட்டே வந்தார். வயதானவர். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம்... பாப்பா டி.சி. வாங்கிடுச்சே."

"தெரியும்."

"தெரியும்ங்கறீங்க. ஆனா தினம் வர்றீங்க. அதான்..."

மறுநாள் மேலாளரிடம் போய், காலை ஷிப்ட் கொடுங்கள், ஆறரைக்கு நானே வந்து கதவைத் திறக்கிறேன், சாயங்காலம் வரை இருக்கிறேன் என்றேன். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார்.

ஜெயந்தி கேட்டது

ஞாயிறுதோறும் ஆதம்பாக்கம் போய்க்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் மற்ற ஆறு நாட்களும் இருந்தன.

நான் தெருவில் வரும்போதே ஆதிரை ஓடி வருவாள். அன்று முழுக்க என் மேலேயே கிடப்பாள். நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள், நான் சடை போட்டால்தான் உட்காருவாள். ஜெயந்தி கூப்பிட்டால் என் முந்தானைக்குப் பின்னால் போவாள். எனக்கு அது இனிப்பாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். தெரு முனை வரை அந்த அழுகை கேட்கும்.

ஒரு ஞாயிறு ஜெயந்தி, "நானும் ஸ்டேஷன் வரைக்கும் வாரேன் மதினி" என்று செருப்பை மாட்டினாள். எங்கள் பக்கத்தில் கணவனின் அக்காவை மதினி என்பார்கள். வேளச்சேரி ஸ்டேஷன் படிக்கட்டு வந்ததும் நின்றாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"சொல்லு."

"நீங்க வந்துட்டுப் போனா மூணு நாலு நாளைக்கு அவ என்கிட்ட பேச மாட்டேங்கா. தட்ட வச்சா தள்ளி விடுதா. ராத்திரி படுக்கைய நனச்சுருதா. புதன், வியாழன்ல கொஞ்சம் சிரிக்கா. அதுக்குள்ள மறுபடி ஞாயித்துக்கிழமை வந்துருது."

ரயில் ஒன்று மேலே வந்து நின்றது. கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் இறங்கிப் போனது. அவள் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு... நீங்க வராம இருக்க முடியுமா மதினி?"

எனக்குக் கன்னத்தில் அடித்தமாதிரி இருந்தது. கல்யாணம் செய்துவைத்தவள் நான். படுக்கை நனைக்காமல் இருக்கப் பழக்கியவள் நான். என்ன தைரியம் என்று வாய் வரை வந்தது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இதைக் கேட்க எத்தனை வாரம் யோசித்திருப்பாளோ தெரியவில்லை. செருப்புகூட இரண்டு காலிலும் வேறு வேறு.

"கணேசன் என்ன சொல்றான்?"

"அவுகளுக்கு உங்ககிட்ட கேக்கப் பயம்."

"உனக்குப் பயம் இல்லியா?"

"ரொம்பப் பயம்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அந்த அளவுக்குப் பெரிய மனது எனக்கு அன்று இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினேன். ரயிலில் இடம் இருந்தும் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். தரமணி, திருவான்மியூர், இந்திரா நகர் என்று ஸ்டேஷன்கள் வந்து போயின. கண்ணில் தூசி விழுந்ததா என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

பட்டினப்பாக்கத்தில்

அதன் பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் எழுந்து மாலை வரை இருப்பேன். ஆதிரை போனில் பேசுவாள்; முதலில் தினம், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தரம், பிறகு ஞாபகம் வந்தபோது. "அத்தை, எப்ப வருவே?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், எந்த நாளிலிருந்தோ அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். எந்த நாள் என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள், கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வேலையிடத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, "சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க?" என்பது. கூட வேலை பார்க்கிற நசீமா ரத்தம் எடுப்பவள், ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள். ஒரு நாள் ஊசியைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்க என்னக்கா, தினம் ஃபாஸ்டிங்லயே வர்றீங்க?" என்றாள். விளையாட்டாக ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் டிபன் டப்பாவில் எனக்கும் சேர்த்து வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, என்ன ஆயிற்று என்று அவளும் கேட்கவில்லை. பத்து மணிக்கு, பின்பக்க அறையில் நின்றுகொண்டே சாப்பிடுவோம்.

முன்பு ஞாயிற்றுக்கிழமை காலை ஆதிரையைக் கூட்டிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போவது வழக்கம். தனம்மா என்று ஒரு பெண். அவளிடம்தான் வாங்குவோம். ஆதிரை ஒவ்வொரு மீனாகத் தொட்டுப் பார்த்து, "இது செத்துப் போச்சா?" என்று கேட்பாள். "இல்ல, தூங்கிக்கினு கீது" என்பாள் தனம்மா. ஆதிரை போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்திருந்தது. ஒரு ஞாயிறு என்னவோ கிளம்பிவிட்டேன். கடல் காற்றில் மீன் வாடை, ஐஸ் உருகிய தண்ணீர், காக்கைகள். தனம்மா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"இன்னாமா, ஆளையே காணோம்? பாப்பா எங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. அழுகை வந்தது. சத்தமாக, நடு மீன் கடையில், கையில் பையை வைத்துக்கொண்டு.

தனம்மா பயந்துபோனாள். "அய்யோ, பாப்பாக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா. அவங்க அப்பாகிட்ட போயிட்டா. அவ என் பொண்ணு இல்ல. தம்பி பொண்ணு."

"அட, நான் உன் பொண்ணுன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். "உக்காருமா. அழுவுறதுன்னா அழுதுட்டுப் போ. கையால மட்டும் கண்ணைத் தொடாத, மீன் தண்ணி பட்டா எரியும். இந்தா" என்று இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

உட்கார்ந்தேன். அவள் ஒரு கையை என் தோளில் வைத்தபடியே அடுத்து வந்தவரிடம் சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். "இன்னா நைனா, கையில எடுத்துப் பாரு, செவுளப் பாரு, அப்பால பேசு." நான் பாட்டுக்கு அழுதேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் ஒரு முறை குனிந்து, "எத்தினி வர்ஷம் வெச்சிக்கினு இருந்தே?" என்றாள். சொன்னேன். "ம்ம்" என்றாள். அவ்வளவுதான். கை மட்டும் தோளிலேயே இருந்தது.

ஓய்ந்த பிறகு எழுந்து, மீன் வேண்டும் என்றேன். பழக்கமான அளவைச் சொன்னேன். அவள் தராசில் போட்டு, என்னைப் பார்த்து, அதில் பாதியை எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

"ஒரு ஆளுக்கு இது போதும்மா. நாளிக்கி வெச்சித் துன்னாத."

அன்று அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன்.

விருந்தாளி

ஜெயந்தி உண்டாகியிருக்கிறாள் என்று கணேசன் போனில் சொன்னான். பிரசவ நேரம் நெருங்கியபோது அவனே மறுபடி கூப்பிட்டான். "ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணணும்கறாங்கக்கா. ஆதிரையை ஒரு வாரம் வெச்சுக்கிறியா? ஜெயந்திதான் கேக்கச் சொன்னா."

அந்த ஒரு வாரத்துக்காக நான் செய்த ஏற்பாடுகள் ஒரு கல்யாணத்துக்குக் காணும். புதுப் போர்வை வாங்கினேன். அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சைச் சாதம், பால்கோவா எல்லாம் மனதுக்குள் நாள்வாரியாகப் பிரித்து வைத்தேன். வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்பாள் என்று உள்ளே எங்கேயோ ஓர் ஆசை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வந்தாள். உயரமாகியிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்து புதுசு பாதி முளைத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். ஹாலில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"அத்தை, தண்ணி குடிச்சுக்கலாமா?"

எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, கேட்காமல் எல்லா டப்பாவையும் திறந்த பிள்ளை. இப்போது அனுமதி கேட்கிறது. நன்றாக வளர்க்கிறாள் ஜெயந்தி என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்து வந்தது.

சாப்பிடும்போது, "அம்மா இதுல பூண்டு தட்டிப் போடுவாங்க" என்றாள். எந்த அம்மா என்று ஒரு கணம் புரியாமல் செண்பகத்தின் போட்டோ மாட்டியிருந்த சுவரைப் பார்த்தேன். அந்தப் படம் எப்போதோ ஆதம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஜெயந்தி அதை முன்னறையில் மாட்டித் தினம் பூ வைக்கிறாள்.

இரண்டு நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள் குழந்தை பிறந்துவிட்டது, தம்பி என்று போன் வந்தது. குதித்தாள். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தவள் வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புதுப் பழக்கம். என்னிடம் அவள் எதையும் மறைத்ததில்லை.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல."

"அத்தைகிட்ட சொல்லு."

"நீ வருத்தப்படுவே."

"படமாட்டேன், சொல்லு."

"அம்மாகிட்ட போகணும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வருத்தப்படமாட்டேன் என்று சொல்லியாயிற்று. அது பொய். ஆனால் அந்த அழுகையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆதம்பாக்கத்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்காக அழுத அதே அழுகைதான், ஆளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது. அப்போது அதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். ஜெயந்தி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எந்திரி. சட்டையை மாத்து. போலாம்."

தையல்

கிண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பார்வை நேரம் முடிவதற்குள் போய்விட்டோம். வராந்தாவில் வார்டைக் காட்டியதும் என் கையை உதறிவிட்டு ஓடினாள்.

நான் உள்ளே போனபோது ஆதிரை கட்டிலில் ஏறி ஜெயந்தியைக் கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்க்கக்கூட இல்லை. ஜெயந்தி வெளுத்துப் போயிருந்தாள். ஒரு கையால் பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டே அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். திருட்டில் பிடிபட்டவள் மாதிரி ஒரு பார்வை.

ஆதிரையின் முழங்கால் ஜெயந்தியின் வயிற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் போய்க் காலைப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தினேன்.

"அம்மாக்குத் தையல் போட்டிருக்கு. மேல படாம படுத்துக்கோ."

அம்மா என்ற அந்த ஒரு சொல்லை நான் சொன்னது ஜெயந்திக்குக் கேட்டுவிட்டது. கண் நிறைந்தது. "மதினி" என்றாள். நான் அவள் தலைமாட்டிலிருந்த பிளாஸ்கைத் திறந்து, என்ன இருக்கிறது என்று பார்த்து, ஆற்றிக் கொடுத்தேன். ஸ்டேஷன் படிக்கட்டில் நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. இப்போது அவள் டம்ளரை வாங்கியபோது, அந்தக் கையை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே எப்ப வேணும்னாலும் வாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் வாங்க."

"எல்லா ஞாயிறும் வர மாட்டேன்" என்றேன். "எனக்கும் வேலை இருக்கும்."

அப்படி ஒரு வேலையும் இல்லை. சொன்ன பிறகு, இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நசீமா வெகு நாளாக வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அங்கே போனேன்.

தொட்டில் போட்ட நாள்

குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டில் போட்டது ஆதம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில். ஷாமியானா, வாடகை நாற்காலிகள், விருதுநகரிலிருந்து ஜெயந்தியின் சொந்தம். கணேசன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சதை போட்டிருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெயந்தியின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க யாரு தாயி? மாப்பிள்ள பக்கமா?"

நான் பதில் சொல்வதற்குள், தட்டில் கற்கண்டு ஏந்திக்கொண்டு வந்த ஆதிரை முந்திக்கொண்டாள்.

"இவங்க எங்க அத்தை. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ இவங்க வீட்லதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு அந்தப் பாட்டிக்கு இரண்டு கற்கண்டு, எனக்கு இரண்டு கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பட்டுப்பாவாடை தடுக்காமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்படியா, நல்லது, நல்லது" என்றார் பெரியம்மா.

நான் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் ராத்திரிகள், முதல் பள்ளிக்கூட நாள், தூக்கத்தில் மூக்கின் மேல் இழுத்து வைத்துக்கொண்ட என் கை, அந்த ஆட்டோ, எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டன. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த நல்ல விஷயம். அவளுக்கு முடிந்துவிட்டது என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நானும் ஒப்புக்கொண்டேன். வலித்தது. ஆனால் எழுந்து ஓட வேண்டும் போல் இல்லை.

சாயங்காலம் கிளம்பினேன். "இருந்துட்டுக் காலைல போங்க மதினி" என்றாள் ஜெயந்தி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே. ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்றேன். ஆதிரை சொந்தக்காரப் பையன்களோடு மாடியில் ஓடிக்கொண்டிருந்தாள். கீழே நின்று, "போய்ட்டு வரேன்டா" என்றேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "டாட்டா அத்தை!" தலை மறைந்தது.

வேளச்சேரியில் ரயில் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெருங்குடி தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய மந்தைவெளி போய், திருமயிலை. அவசரமாக இறங்கினேன்.

எதிர்ப்பக்கம் போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி ஏறலாம். வேண்டாம் என்று வெளியே வந்தேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பூ விற்கிறவர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் இடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் மெதுவாகவே நடந்தேன்.